இருட்டில் சாப்பிடாத பெட்டி

வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்துவிடுகிற என் நந்தாவுக்கு,

மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மலையின் நிழல் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கள் தெருவரைக்கும் வந்து படுத்திருக்கிறது. கீழே நைனா டீவி சத்தத்தைக் குறைக்கவே மாட்டேன் என்கிறார். இந்த நேரத்தில் நீ ஒரு நாளும் இங்கே இருந்ததில்லை. நாலரை பஸ்ஸைப் பிடித்துப் போய், மேல்சித்தாமூரில் ராச்சாப்பாட்டை வெளிச்சத்திலேயே முடித்துக் கை கழுவியிருப்பாய்.

நீ போனதிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை. உன்னிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நீ இருந்திருந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும், அவர்களிடமும்தான் பொய் சொன்னேன்.

அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீயும் நானும் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தினோம். நீ மேல்சித்தாமூர் சமணக் குடும்பத்துப் பெண், நான் செஞ்சிக்காரி. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஆடுகிற ஒரு மேஜையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். என்னைவிட இரண்டு வயசு சின்னவள் நீ. ஆனாலும் ஒரு நாளாவது அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாயா? வாய்க்கு வாய் "எழிலு"தான்.

ஒரு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாய்.

"மேல சாட்டிலைட்டு அனுப்பறாங்களே, வேலை முடிஞ்சதும் அதெல்லாம் இன்னா ஆவுது?"

"அங்கியே சுத்தினு கெடக்கும்."

"எத்தினி நாளு?"

"நாளா? வருஷக் கணக்குல. சிலதெல்லாம் நம்ம பேரப் பசங்க காலத்துக்கும் கெடக்கும்."

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாய். "யாரு மேலயாச்சும் போயி இடிச்சா?" என்று கேட்டாய். ஏதோ நீயே அதை அங்கே போட்டுவிட்டு வந்தது போல அப்படி ஒரு கவலை முகத்தில். எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜையில் எறும்பு வந்தால்கூட ஊதி ஊதி ஓரத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் சால்டரிங் கோலை எடுக்கிறவள் வேறு எப்படிக் கேட்பாள்?

அப்படி ஆரம்பித்ததுதான் பெட்டி, நாமே செய்த குட்டி சாட்டிலைட். ஒரு சாணுக்கும் குறைவான அலுமினியக் கனசதுரம். கையில் எடுத்தால் ஒரு கிலோ வெல்லம் கனம். அதற்குள் மடித்து வைத்த ஒரு பாய். படகுக்குக் கட்டுகிற பாய் மாதிரிதான், ஆனால் வெள்ளி நிறத்தில், ஊதினால் பறக்கிற அளவுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள். வேலை முடிந்ததும் கீழேயிருந்து நாம் உத்தரவு அனுப்பினால் ஒரு கம்பி சூடாகும். கட்டியிருக்கிற நைலான் நூல் உருகி அறும், பாய் விரியும். அந்த உயரத்திலும் கொஞ்சூண்டு காற்று இருக்கிறது. அது பாயில் மோதி மோதி வேகத்தைக் குறைக்க, வருஷக் கணக்கில் கிடக்க வேண்டியது சில மாதத்திலேயே இறங்கி எரிந்து போய்விடும். அதைத்தான் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டோம்.

குறைந்த செலவில் செய்ய வேண்டும் என்பது நமக்குக் கொள்கை இல்லை, வேறு வழி இல்லை. பஜார் ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரும்பு அளவு டேப்பை வெட்டி ஆன்டெனா செய்தோம். சுருட்டி வைத்தாலும் விட்ட உடனே தானே நிமிர்ந்துகொள்ளும். பேட்டரிக்கு, பழைய லேப்டாப்புக்குள் இருக்கிற சாதாரண செல். ஒரு கூடை செல்லைக் கொட்டி, ஏற்றி இறக்கிச் சோதித்து, அரிசியில் கல் பொறுக்குவது போல நல்லதாய் நாலைப் பொறுக்கினாய். பெட்டியின் உடம்பும் பாயும் என் வேலை. அதன் மூளை முழுக்க உன் வேலை. பஜாரில் டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கிற தாஸ் அண்ணன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டார்.

ரேடியோவைச் சோதிக்க மலையேறினோமே, அது நினைவிருக்கிறதா? நான் மாதிரிப் பெட்டியோடு ராஜகிரி மேலே, நீயும் தாஸ் அண்ணனும் ரிசீவரோடு எதிர் மலையான கிருஷ்ணகிரியில். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் ஒரு குரங்கு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதில் மேல் ஓடிவிட்டது. தலைகீழாகப் பிடிக்கிறது, உருட்டுகிறது, டேப்பைக் கடித்து இழுத்து விடுகிறது, டேப் சட்டென்று நிமிர்ந்து அதன் மூக்கிலேயே அடிக்கிறது. நான் அழாத குறை. போனில் நீ கத்துகிறாய், "எழிலு, அதத் தொரத்தாத! எப்பிடிப் பெரட்டினாலும் சிக்னல் வருதுடி!"

விண்வெளியில் பெட்டி தாறுமாறாகத்தான் உருளும், அப்போது சிக்னல் வருமா என்பதுதான் நம்முடைய பெரிய சந்தேகம். அதைச் சோதிக்க நம்மிடம் கருவி இல்லை. அந்தக் குரங்கு அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்து கொடுத்தது. "கட்டுப்பாடற்ற சுழற்சிச் சோதனை" என்று ரிப்போர்ட்டில் எழுதினாய். படித்துவிட்டுப் பிரின்சிபால் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பாராட்டினார். அவர் அறையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றதில் எனக்கு விலா வலியே வந்துவிட்டது.

நீ பெட்டிக்கு ஒரு விதி போட்டாய். எந்த ராக்கெட்டில் ஓரமாக இடம் கிடைக்கும், எந்தப் பாதையில் கொண்டுபோய் விடுவார்கள் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. பூமியின் நிழலில் அது எவ்வளவு நேரம் கிடக்குமோ? சாதாரண செல் அதுவரை தாங்குமோ? "அதுக்கும் நம்ம வூட்டுப் பழக்கம்தான். இருட்டுல சாப்பாடு கெடையாது" என்றாய். வெயிலில் இருக்கும்போது வயிறு நிறைய மின்சாரம். இருட்டில் மூச்சு மட்டும் விட வேண்டும், கம்பியைச் சூடாக்குவது மாதிரிப் பசியான வேலை எதையும் யார் சொன்னாலும் செய்யக் கூடாது. பேசுவதும் மூச்சுதான் என்று சண்டை போட்டு ரேடியோவுக்கு மட்டும் விலக்கு வாங்கினார் தாஸ் அண்ணன். அந்த விதியால்தான் பெரிய பேட்டரி வேண்டாம் என்று ஆனது. பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் மெச்சினார்கள்.

பெட்டி பேசுவதற்கு ஒரு குரல் வேண்டும். காலேஜ் பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாழ்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அதுவரைக்கும் சும்மா இருக்கட்டும் என்று மைக்கை எடுத்து நீ பேசி வைத்தாய். "ஒண்ணு, ரெண்டு, மூணு. தாஸ் அண்ணே, கேக்குதா? ஏய் எழிலு, சிரிக்காத." அவ்வளவுதான். வாழ்த்துப் பதிவு செய்ய வைத்திருந்த நாளில் மழை கொட்டி காலேஜுக்கு லீவு விட்டார்கள். அதற்கு மறுநாள் பெட்டியை ராக்கெட்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. உன் ஒண்ணு ரெண்டு மூணு அப்படியே உள்ளே இருந்துவிட்டது.

ஒப்படைத்த அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். "மாத்திர போட்டுனு படுத்திருக்கேன், திங்கக்கெழம வந்துடுவேன்" என்றாய். அந்தத் திங்கட்கிழமை மேஜையின் உன் பாதியில் பாடப் புத்தகங்களை எடுத்து ஒதுக்கி வைத்துக் காத்திருந்தேன். தாஸ் அண்ணன்தான் காலேஜ் வாசலுக்கு வந்து சொன்னார். இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வரவில்லை நந்தா.

நீ போன பிறகுதான் பெட்டி மேலே போனது. காலை ஏழு மணிவாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஏழு மணிவாக்கில் ஒரு தடவை நம்ம ஊருக்கு மேலே வருகிற மாதிரிப் பாதை அமைந்தது. காலையில் தாஸ் அண்ணன் கடை மாடியில் இருந்து கேட்பார். அந்த நேரத்தில் நான் காலேஜ் பஸ்ஸில் இருப்பேன். சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் அவரும் நானும். முதல் நாள் கரகரவென்று இரைச்சல், மேற்கே ராஜகிரி மறைத்துக்கொண்டது. மலையைத் தாண்டி அது மேலேறியதும், கை எட்டுகிற தூரத்தில் இருந்து பேசுகிறவள் போல உன் குரல். ஒண்ணு, ரெண்டு, மூணு.

தாஸ் அண்ணன் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, மாடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணி எனக்கு வேறு ஒரு நேரம் ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு மாடி ஏறுவேன். எதற்குத் தலை வாரினேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. மலை கறுத்துப் போகும், பஜார் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றும், கோட்டை மதிலும் பாறையும் ஒன்றோடொன்று கரைந்து எது எது என்று தெரியாமல் போகும். நானும் அந்தப் புகை நிறத்தில் பாதி கரைந்து நிற்பேன். அப்போது நீ வருவாய். சில நிமிஷம் இருப்பாய், "சிரிக்காத" என்பாய். கிழக்கே இரைச்சலில் மறைந்துபோவாய். நான் சிரித்துக்கொண்டுதான் கீழே இறங்குவேன். எழிலுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குதா என்று நைனா ஒரு நாள் கேட்டார்.

மற்றச் சோதனையெல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தது. டேப் ஆன்டெனா நிமிர்ந்தது, சாதாரண செல் தாங்கியது. பாக்கி இருந்தது பாய் மட்டும். பாயைத் திறக்கிற ரகசியச் சொல் இரண்டே பேருக்குத்தான் தெரியும், உனக்கும் எனக்கும். அதை அனுப்பினால் நீ ஆசைப்பட்டது நடக்கும். பெட்டி இறங்க ஆரம்பிக்கும், சில மாதத்தில் எரிந்துபோகும், உன் குரலும் அதோடு போகும். அனுப்பாவிட்டால்? வருஷக் கணக்கில் மேலேயே கிடக்கும். எனக்கு எது வேண்டியிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

ஆனாலும் ஒரு சாயங்காலம் அனுப்பினேன், அது சத்தியம். தாஸ் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பதில் வந்தது. "மறுக்கிறேன். இருட்டு." நீ எழுதி வைத்த பதில்தான். இப்போது பெட்டி பூமியின் நிழலில் இருக்கிறது, பசியான வேலை செய்ய மாட்டேன் என்று அர்த்தம்.

"இதென்னாம்மா கூத்தா இருக்குது?" என்றார் தாஸ் அண்ணன். "நமக்குத்தான் இருட்டு. அவ்ளோ ஒசரத்துல அதுக்கு இன்னும் வெயிலு அடிக்குதே."

மறுநாளும் அனுப்பினேன். அதே பதில். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நந்தாவே வேண்டாம் என்கிறாள் என்று தோன்றியது. படித்தவள்தான், பாடம் நடத்துகிறவள்தான், ஒரு கிலோ அலுமினியத்துக்கு மனசு கிடையாது என்று தெரிந்தவள்தான். ஆனாலும் அன்றைக்குப் படுக்கையில் விழுந்து நிம்மதியாகத் தூங்கினேன். நீ இறங்க மறுத்துவிட்டாய், இனி என் மேல் தப்பில்லை என்று.

மூன்றாம் நாள் நீ எழுதிய நிரலைத் திறந்து உட்கார்ந்தேன். வெயில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பெட்டி தன் சோலார் தகட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படித்தான் நாம் பேசியிருந்தோம். அந்த இடத்தில் ஒரு பட்டியல் இருந்தது. தினம் தினம் சூரியன் உதிக்கிற நேரம், அஸ்தமிக்கிற நேரம். எந்த ஊருக்கு? நம்ம செஞ்சிக்கு. நாள்காட்டித் தாளில் போட்டிருக்குமே, அதைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறாய். தரையில் சோதிக்கும்போது தற்காலிகமாகப் போட்டதை மாற்ற மறந்திருக்கிறாய். செஞ்சியில் பொழுது சாய்ந்தால் போதும், நடு வெயிலில் பறந்துகொண்டிருந்தாலும் உன் பெட்டி இலையை மூடிவிடும்!

இது எப்படி எவர் கண்ணிலும் படாமல் போனது என்று யோசித்தேன். எல்லாச் சோதனையும் பகலில்தானே செய்தோம். நாலரை பஸ்ஸுக்கு நீ கிளம்ப வேண்டும், சாப்பாட்டுக்கு வீடு போக வேண்டும். நீ இல்லாமல் சோதிக்க மாட்டேன் என்று நானும் அதோடு கடையைக் கட்டிவிடுவேன். பொழுது சாய்ந்த பிறகு பெட்டியை ஒரு நாள்கூட நாம் சோதித்துப் பார்த்ததில்லை.

ஆக, விஷயம் இவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு அனுப்பினால் செஞ்சியிலும் வெயில் இருக்கும், பெட்டி மறுக்காது. ஒரே ஒரு நாள் காலேஜ் பஸ்ஸை விட்டால் போதும்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. இதுதான் நந்தா என் பொய். "கோளாறு என்னான்னு பாத்துனு இருக்கேன்" என்று தாஸ் அண்ணனிடமும் காலேஜிலும் பதினோரு நாள் சொன்னேன். "காலைல ஒருவாட்டி போட்டுப் பாக்கலாமே" என்று அவர் சும்மாதான் ஒரு தடவை கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காலைல எனக்கு பஸ்ஸுண்ணே" என்றேன். உன் தப்பை வெளியே சொன்னால் உன் பேர் கெட்டுப்போகும், அதனால்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய். உன் குரல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் நீ பேசும்போது "மூணு"க்கு முன்னாலேயே குரல் இழுத்தது. டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீரும்போது இழுக்குமே, அந்த மாதிரி. தாஸ் அண்ணன் பெட்டி அனுப்பிய பேட்டரி எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"செல்லு வீக்கா பூடுச்சும்மா. இன்னும் கொஞ்ச நாளு தாங்குனா பெருசு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? நந்தா பாப்பா கொரலும் வராது, பாயும் தொறக்காது. எவனையாச்சும் இடிக்கற கல்லாட்டம் அது பாட்டுக்குச் சுத்தினு கெடக்கும்."

ஹெட்போனைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "நான் காலைலயும் கேக்கறேன் எழிலு. எனக்கும் அந்தக் கொரலு வேணுந்தான்" என்றார். நான் மறைத்தது அவருக்குத் தெரிந்திருந்ததா? இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூர் போனேன். உன் அம்மாவின் சம்மதம் கேட்காமல் என்னால் முடியாது என்று நினைத்தேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். போன உடனே இலை போட்டுவிட்டார்கள். மணி ஐந்துகூட ஆகவில்லை. "சாப்டு, பொழுது போயிடும்" என்றார்கள். அவரைக்காய்ப் பொரியலைத் தொடக்கூட முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாய், குரல், பட்டியல், பதினோரு நாள், எல்லாம்.

செஞ்சி அஸ்தமன நேரத்தைச் சொன்னபோது அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார்கள். திடீரென்று சிரித்தார்கள் நந்தா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"பெங்களூரு ஆஸ்டல்ல படிச்சா பாரு, அப்பவும் இதேதான். தெனம் போன் பண்ணுவா. 'அம்மா, நம்மூர்ல பொழுது சாஞ்சிடுச்சா?'ன்னு கேட்டு, சாஞ்சிடுச்சுன்னா சாப்பாட்டத் தொட மாட்டா. 'அங்க இன்னும் வெளிச்சமாத்தான இருக்குது, சாப்டுடி'ன்னா கேக்க மாட்டா. 'இல்லம்மா, நீ சாப்பிடற நேரத்துலதான் நானும் சாப்டுவேன்'னுவா."

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார்கள். என் போனில் உன் குரல் இருந்தது, போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்கள்.

"ஒண்ணு ரெண்டு எண்ணுதே, அதுவா எம் பொண்ணு?" என்றார்கள். "அவளுக்கு இன்னா வேணும்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்ட எதுக்கு வந்து கேக்கற? நான் வாணான்னா இருந்துடுவியா?"

இலையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் காலை காலேஜ் பஸ்ஸை விட்டேன். மாடியில் நல்ல வெயில், கிருஷ்ணகிரிப் பாறையெல்லாம் பொன்னாக இருந்தது. தாஸ் அண்ணன் கடையைத் திறக்காமல் வந்து நின்றார். அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், "மொதல்ல வேலையப் பாரும்மா, வந்துட்டுது" என்றார். நீ ராஜகிரியைத் தாண்டி மேலே வந்தாய். ஒண்ணு, ரெண்டு, என்று இழுத்து இழுத்து. ரகசியச் சொல்லை அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவதில் சரியாகப் போனது.

"ஏற்கிறேன்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் பாயின் நாலு மூலையும் விரிந்தால் சேதி சொல்ல நான் வைத்த ஸ்விட்ச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேதி அனுப்பின. நாலும். நம்ம பாய் விரிந்துவிட்டது நந்தா! நான் மாடித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நைனா பதறிப்போய் மேலே ஓடிவந்துவிட்டார்.

இப்போது சொல்லப்போகிறது உனக்கும் தெரியாத சேதி. அத்தனை வரைந்தோம், அத்தனை கணக்குப் போட்டோம், இதை மட்டும் நாம் இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. இத்தனை மாதமும் பெட்டியின் குரலைக் கேட்டோமே தவிர அதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அத்தனை உயரத்தில் ஒரு வெல்லக்கட்டி எப்படித் தெரியும்? பாய் விரிந்த பிறகு அது அவ்வளவு பெரிய வெள்ளித் தாள். நமக்கு இருட்டி, அதற்கு வெயில் அடிக்கிற நேரத்தில் அது மின்னும். தாஸ் அண்ணன்தான் முதலில் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "மாடிக்கு ஓடும்மா, மேல பாரு" என்றார்.

மூன்று நாள் கழித்து அது மேல்சித்தாமூருக்கு நேர் மேலே போகிற சாயங்காலம், உன் அம்மாவோடு உங்கள் தெருவில் நின்றேன். வாசல் விளக்கை அணைக்கச் சொல்லி அம்மா பக்கத்து வீடுகளில் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். கோயில் கோபுரம் இருட்டில் நின்றது. கோபுரத்துக்குப் பின்னாலிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம் கிளம்பியது. விட்டு விட்டு மின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே அதன் கூடவே நடக்க ஆரம்பித்தார்கள். அண்ணாந்தபடியே, தரையைப் பார்க்காமல், வெறுங்காலோடு. நான் பின்னால் போனேன். விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தாலும் தொடத் தைரியம் வரவில்லை. தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் நின்றார்கள்.

"பத்ரமா போடி" என்றார்கள்.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். உன் பட்டியலில் இருந்த தப்பை உன் பேரோடு, என் பதினோரு நாளை என் பேரோடு. அடுத்த பெட்டிக்கான வரைபடத்தைப் பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். அதன் ரகசியச் சொல் நாலு பேரிடம் இருக்கும், அதில் நான் ஒருத்தியாக இருக்க மாட்டேன்.

உன் பாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. என்றைக்கு எரியும், எந்தக் கடல் மேல் எரியும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. வர வேண்டிய நேரத்துக்கு அது வராத சாயங்காலம் ஒன்று வரும். அன்றைக்கு நான் மறுபடி மறுபடி ரிசீவரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். உன் அம்மாவுக்குப் போன் செய்து, "அவ போயி சேந்துட்டாம்மா" என்று சொல்வேன். என் குரல் உடையாமல் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத,
உன் அக்கா,
எழிலரசி